ஒற்றைப் பொருளுக்கென்று ஓர் அருங்காட்சியகம்: எதைக் கொண்டு மதிப்பிடுவது?

ஏட்டுச்சுவடி:

பெரிய தேசிய அருங்காட்சியகங்களைப் பற்றி எழுத ஆள் பஞ்சமே இல்லை. முள்கம்பி, பென்சில், புல்வெட்டும் எந்திரம், துடைப்பம் என்று ஒற்றைப் பொருளை எடுத்துக்கொண்டு அதற்கென்றே நடத்தப்படும் சிறு அருங்காட்சியகங்களைப் பற்றிய பேச்சோ, பெரும்பாலும் "உலகின் விசித்திரமான பத்து இடங்கள்" என்ற வகைப் பட்டியலோடு முடிந்துவிடுகிறது. பட்டியல் போடுபவர்களில் பலர் உள்ளே சென்று பார்த்தவர்களாகவே தெரியவில்லை. பெயரைக் கேட்டதும் வருகிற சிரிப்பே அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

இந்த வகை இடங்களில் சில ஒரு மணி நேரத்துக்குள் நம் கண்ணைத் திறந்துவிடுகின்றன. சில பத்து நிமிடத்தில் சலித்துவிடுகின்றன. அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதே என் கேள்வி. பொருளின் அபூர்வத்திலிருந்தா, எண்ணிக்கையிலிருந்தா, நடத்துபவரின் ஆளுமையிலிருந்தா, வேறெதிலிருந்தாவதா? விவரம் அறிந்தவர்கள் காரணத்தோடு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கல்மரம்:

எண்ணிக்கைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பது என் கருத்து. ஓர் இடம் எதையெல்லாம் ஏற்க மறுக்கிறது என்பதைத்தான் நான் முதலில் கவனிப்பேன்.

அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் இருக்கும் மோசமான ஓவியங்களின் அருங்காட்சியகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட் வில்சன் என்ற பழம்பொருள் வணிகர், தெருவோரக் குப்பையில் கிடந்த ஓர் ஓவியத்தை அதன் மரச்சட்டத்துக்காக எடுத்துவந்தார். மஞ்சள் வானத்தின் கீழே பூவெளியில் ஒரு மூதாட்டி இருக்கும் படம் அது. நண்பர்கள் படத்தை எறியவிடவில்லை. 1990களின் தொடக்கத்தில் சேகரிப்பு அங்கிருந்து தொடங்கியது. எந்தக் கிறுக்கலையும் அங்கே மாட்டிவிடலாம் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையில் அவர்களுடைய விதிகள் கடுமையானவை. வரைந்தவர் மனமார முயன்றிருக்க வேண்டும். அந்த முயற்சி எங்கோ தடம் புரண்டிருக்க வேண்டும். வேண்டுமென்றே மோசமாக வரையப்பட்டவை, குழந்தைகள் வரைந்தவை, மொத்த உற்பத்தியாக வரும் அலங்காரப் படங்கள் ஆகியவற்றுக்கு இடமில்லை. வந்துசேரும் படங்களில் பெரும்பகுதி, போதிய அளவுக்கு மோசமாக இல்லை என்ற காரணத்தாலேயே நிராகரிக்கப்படுகிறது.

இந்த வடிகட்டலால்தான், பார்வையாளர் கேலியாகச் சிரித்துவிட்டு நகர முடியாமல், படம் சரிந்த இடம் எது என்று தேடத் தொடங்குகிறார். கைக்கு எட்டாத ஆசையா, உடற்கூறு தெரியாததா, எங்கே நிறுத்துவது என்று தெரியாததா என்று ஒவ்வொரு படத்தின் முன்னும் யோசிக்க வேண்டியிருக்கிறது. நல்ல ஓவியங்களின் முன் நாம் இவ்வளவு கவனமாக நிற்பதில்லை. (1996இல் அங்கிருந்து ஒரு படம் திருடுபோனபோது, மீட்டுத் தருபவருக்கு ஆறரை டாலர் பரிசு அறிவித்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்து அந்தப் படம் திரும்பி வந்துசேர்ந்தது.)

தச்சன்:

கல்மரம் சொல்வது ஓவியத்துக்குப் பொருந்தலாம். கருவிகளைப் பொறுத்தவரை எண்ணிக்கையை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

கான்சாஸ் மாநிலத்தின் லா கிராஸ் என்ற சிற்றூரில் முள்கம்பிக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 2,400க்கும் மேற்பட்ட கம்பி வகைகளை அங்கே வைத்திருக்கிறார்கள். ஒரு துண்டைப் பார்த்தால் அது வெறும் கம்பி. இருபது துண்டுகளைப் பார்த்தால் சலிப்பு வரும். சுவர் நிறையப் பார்க்கும்போதுதான், மாட்டைத் தடுக்க ஒரு வகை போதுமே, இத்தனை வகை எதற்கு என்ற கேள்வி எழுகிறது. ஜோசப் கிளிடன் 1874இல் காப்புரிமை பெற்ற கம்பியில், முள் நகராதபடி இரண்டு கம்பிகளை முறுக்கி அதைப் பிடித்து நிறுத்தியிருந்தார். அந்தச் சந்தையில் பங்கு கேட்டு வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவருடைய உரிமையை மீறாத வேறொரு வடிவத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பெரும்பாலான வகைகள் அந்த நெருக்கடியின் பிள்ளைகள். தொடக்ககாலக் கம்பிகள் கால்நடைகளின் தோலைக் கிழித்ததால், விலங்கின் கண்ணுக்குத் தூரத்திலேயே தெரியும்படி தகடுகளைச் செருகிய கம்பிகளும் வந்தன. இவ்வளவும் அந்த வகைகளை அருகருகே வைத்ததால் மட்டுமே கண்ணுக்குப் புலப்படுகிற வரலாறு. தேர்ந்தெடுத்த பத்துத் துண்டுகளை மட்டும் வைத்திருந்தால் அழகான காட்சிப்பேழை ஒன்று கிடைத்திருக்கும், கேள்வி கிடைத்திருக்காது.

இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் புல்வெட்டும் எந்திரங்களுக்கு இருக்கும் அருங்காட்சியகமும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். எட்வின் பட்டிங் 1830இல் காப்புரிமை பெற்ற முதல் எந்திரத்துக்கான யோசனை, நெசவாலையில் துணியின் மேற்பரப்பில் எழுந்து நிற்கும் இழைகளைச் சீராகக் கத்தரிக்கும் எந்திரத்திலிருந்து வந்தது. துணியைக் கத்தரிக்கும் உருளை புல்லின் மீது இறங்கியிருக்கிறது என்பதை வெட்டுருளையின் அமைப்பைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

ஏட்டுச்சுவடி:

இருவர் சொல்வதும் ஒன்றோடொன்று முரண்படவில்லை என்றே நினைக்கிறேன். முள்கம்பிக்காரர்களும் எதையோ மறுத்திருக்கிறார்கள். கம்பியைத் தவிர மற்ற அனைத்தையும்!

இந்த இரண்டு நெறிகளையும் தாண்டிச் செல்லும் இடம் ஒன்று, ஜோத்பூருக்கு அருகே மொக்லாவாஸ் கிராமத்தில் இருக்கும் அர்ணா ஜர்ணா என்ற பாலைவன அருங்காட்சியகம். நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் கோமல் கோத்தாரி, மணற்கல் வெட்டி எடுத்துக் கைவிடப்பட்ட நிலத்தில் இதை உருவாக்கினார். அவர் 2004இல் மறைந்தார். அங்கே முதன்மையான சேகரிப்பாக அமைந்தது துடைப்பம்.

துடைப்பத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குக் கோத்தாரியின் சிந்தனைமுறையை நினைவூட்ட வேண்டும். ராஜஸ்தானை அவர் அரசர்களைக் கொண்டோ மாவட்டங்களைக் கொண்டோ பிரிக்காமல், கம்பு விளையும் பகுதி, சோளம் விளையும் பகுதி, மக்காச்சோளம் விளையும் பகுதி என்று தானியத்தைக் கொண்டு பிரித்துப் பார்த்தவர். அந்தக் கண்ணோடு பார்த்தால், ஒரு துடைப்பம் எந்தப் புல்லால் ஆனது என்பது மண்ணையும் மழையையும் சொல்கிறது. யார் அதைக் கட்டுகிறார்கள், யார் பிடிக்கிறார்கள் என்பது சாதியையும் பிழைப்பையும் சொல்கிறது. வீட்டுக்குள் பெருக்குவது எது, வெளியே பெருக்குவது எது, எதை எங்கே வைக்கக் கூடாது என்பவை நம்பிக்கைகளைச் சொல்கின்றன. அரண்மனை வாள்களைக் கொண்டு இந்த விவரங்களைப் பேச முடியாது. மலிவான பொருள், தேய்ந்ததும் எறியப்படும் பொருள், எனவே எந்தப் பெரிய அருங்காட்சியகமும் பாதுகாத்து வைக்க நினைக்காத பொருள் என்பதுதான் துடைப்பத்தின் தகுதி.

நீர்வழி:

அந்த வரிசையில் டெல்லியில் இருக்கும் சுலப் கழிப்பறை அருங்காட்சியகத்தையும் சேர்த்தாக வேண்டும். நகைச்சுவைப் பட்டியல்களில் தவறாமல் இடம்பெறுவதும், அதனாலேயே மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அந்த இடம்தான்.

பிந்தேஷ்வர் பாடக் 1992இல் அதைத் தொடங்கினார். மலத்தை மனிதர் கையால் அள்ளும் கொடுமையை ஒழிப்பதற்காக 1970இலேயே சுலப் அமைப்பை நிறுவி, இரு குழிக் கழிப்பறையை நாடெங்கும் கொண்டுசேர்த்தவர் அவர். ஒரு குழி நிரம்பியதும் அதை மூடி மற்றொன்றைப் பயன்படுத்துவார்கள். மூடிய குழியில் இருப்பது காலப்போக்கில் மட்கி உரமாகிவிடும். யாரும் அதைத் தொட்டு அள்ள வேண்டியதில்லை. சிந்துவெளி வடிகால்களில் தொடங்கி, பிரான்சின் பதினான்காம் லூயி மன்னரின் மலத்தொட்டி பொருத்திய சிம்மாசனத்தின் மாதிரி வரை அங்கே காட்சிக்கு இருக்கின்றன. வருகிறவர்கள் சிம்மாசனத்தின் அருகே நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். அந்த வளாகத்திலேயே திறந்தவெளியில் வைக்கப்பட்டிருக்கும் இரு குழிக் கழிப்பறை மாதிரிகளின் முன் நிற்பவர்கள் குறைவு. அருங்காட்சியகம் சொல்ல வந்த செய்தி அங்கேதான் இருக்கிறது.

ஆகவே, கல்மரத்தின் கேள்வியோடு, இந்தச் சேகரிப்பு யாருக்கு எதை உணர்த்துவதற்காகத் திரட்டப்பட்டது என்ற கேள்வியையும் வைத்துப் பார்க்கலாம்.

புதுவரவு:

மூத்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், ஒரு ஐயம். அண்மைக்காலமாக வண்ணச் சுவர்களும் விளக்குகளும் வைத்துப் படமெடுத்துக்கொள்வதற்கென்றே உருவாக்கப்படும் கூடங்களும் தங்களை அருங்காட்சியகம் என்று அழைத்துக்கொள்கின்றனவே, அவற்றையும் இந்தக் கணக்கில் சேர்ப்பதா?

இருப்பறை:

அருங்காட்சியகத்தின் பொருள் வைப்பறையில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

சர்வதேச அருங்காட்சியகங்கள் கழகம் 2022இல் பிராகில் கூடி ஏற்றுக்கொண்ட வரையறையில், இலாபநோக்கற்ற நிலையான அமைப்பு என்பதோடு, ஆராய்தல், சேகரித்தல், பாதுகாத்தல், விளக்குதல், காட்சிப்படுத்தல் ஆகிய பணிகள் குறிப்பிடப்படுகின்றன. படமெடுக்கும் கூடங்களில் காட்சிப்படுத்தல் மட்டும் இருக்கிறது. அவை பொழுதுபோக்கு இடங்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

இந்த வரையறையைச் சிறு இடங்கள் மீது அப்படியே சுமத்தினால், உள்ளே உயிரோட்டமுள்ள பல சேகரிப்புகளும் வெளியே தள்ளப்பட்டுவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஐந்து பணிகளில் ஆராய்தலைத்தான் நான் தேடிப் பார்ப்பேன். டோக்கியோவின் மெகுரோ பகுதியில், மருத்துவர் சதோரு கமேகாய் 1953இல் நிறுவிய ஒட்டுண்ணியியல் அருங்காட்சியகம் இரண்டே தளங்களில் அடங்கிவிடும். காட்சியில் இருப்பவை ஏறத்தாழ 300 மாதிரிகள். சேகரிப்பில் இருப்பவையோ ஏறத்தாழ 60,000. இடைப்பட்ட அந்தப் பெரும் தொகை ஆய்வாளர்களுக்கானது. அங்கே எல்லோரும் பார்க்கப் போவது 8.8 மீட்டர் நீளமுள்ள நாடாப்புழுவை. அதன் அருகில் அதே நீளத்துக்கு ஒரு நாடாவைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பார்வையாளர் அதைப் பிடித்து இழுத்து நீளத்தை உணர்ந்துகொள்ளலாம். எந்தத் தொடுதிரையும் இந்த வேலையைச் செய்யாது. ஆண்டுக்கணக்காகப் பொருளோடு வாழ்ந்தவருக்கே இப்படி ஒரு துண்டுத் துணி போதும் என்று தோன்றும்.

கல்மரம்:

ஆய்வு இல்லாமலும் ஓர் இடம் ஆழமாக இருக்க முடியும் என்பதற்கு குரோவேஷியத் தலைநகர் ஜாக்ரெபில் இருக்கும் முறிந்த உறவுகளின் அருங்காட்சியகம் சான்று. ஒலிங்கா விஷ்டிட்சா, டிராஷன் குரூபிஷிட்ச் என்ற இருவர், தங்கள் காதல் முடிந்தபின், இருவருக்கும் பொதுவாக இருந்த ஒரு சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை முயலை என்ன செய்வது என்று யோசித்ததில் தொடங்கியது அது. 2006இல் கண்காட்சியாக இருந்து, 2010இல் நிலையான இடம் பெற்றது.

அங்கே இருப்பவை யார் வீட்டிலும் இருக்கக்கூடிய சாதாரணப் பொருட்கள். பெயர் சொல்லாத கொடையாளர் எழுதி அனுப்பிய குறிப்புதான் உண்மையான காட்சிப்பொருள். பெர்லினிலிருந்து வந்த கோடரி ஒன்று அங்கே இருக்கிறது. துணை வேறொருவரோடு விடுமுறைக்குப் போயிருந்த நாட்களில், விட்டுச்சென்ற மேசை நாற்காலிகளை நாளுக்கு ஒன்றாக வெட்டிப் போட்ட கோடரி என்று குறிப்பு சொல்கிறது. குறிப்பை எடுத்துவிட்டால் அது இரும்புக்கடைச் சரக்கு. சிறு அருங்காட்சியகங்களில் நான் முதலில் படிப்பது விளக்கக் குறிப்புகளைத்தான். பெயரும் ஆண்டும் மட்டும் இருந்தால் வேகமாக நடந்துவிடுவேன்.

தச்சன்:

இவை அனைத்துக்கும் பின்னால் ஒரு மனிதரின் பிடிவாதம் இருக்கிறது. அந்த மனிதருக்குப் பிறகு என்ன ஆகிறது என்பதுதான் எனக்குக் கவலை.

லண்டனில் கட்டடக் கலைஞர் ஜான் சோன் தம் வீட்டையும் சேகரிப்பையும் காக்க 1833இல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே இயற்றச் செய்தார். 1837இல் அவர் இறந்தபோது சட்டம் நடைமுறைக்கு வந்தது. இயன்றவரை எதையும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இன்றும் அங்கே ஓவிய அறையின் சுவர்ப் பலகைகள் கதவுகளைப் போலத் திறக்கின்றன. உள்ளே மேலும் ஓவியங்கள் இருக்கின்றன. அவ்வளவு செல்வாக்கு எல்லோருக்கும் கிடைக்காது. கென்டக்கியில், குரல்மாற்றுக் கலைஞர்களின் பேசும் பொம்மைகளை 1910இலிருந்து திரட்டிவந்த டபிள்யூ. எஸ். பெர்ஜர், தமக்குப் பின் அவை சிதறாமல் இருக்க அறக்கட்டளைக்கு ஏற்பாடு செய்துவைத்தார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1973இல், வென்ட் ஹேவன் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஐஸ்லாந்தில் விலங்குகளின் ஆண்குறிகளைத் திரட்டிய ஆசிரியர் சிகுர்துர் ஹ்யார்த்தார்சன் 2011இல் பொறுப்பை மகனிடம் ஒப்படைத்தார். புனேயின் தினகர் கேல்கர், சிறுவயதில் இறந்துபோன தம் மகன் ராஜாவின் பெயரில் திரட்டிய விளக்குகள், பூட்டுகள், பாக்குவெட்டிகள் முதலானவற்றை மாநில அரசிடம் கொடுத்துவிட்டார்.

சட்டம், அறக்கட்டளை, பிள்ளை, அரசு என்று நான்கு வழிகள். நான்குமே வாய்க்காத சேகரிப்புகள் ஏலத்துக்குப் போய்த் துண்டு துண்டாகிவிடும். ஒவ்வொரு பொருளும் தப்பிப் பிழைக்கலாம். எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்ற அறிவு பிழைக்காது.

நீர்வழி:

எல்லாச் சேகரிப்பும் அப்படியே நிலைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, தச்சன். லண்டனின் ஹன்டேரியன் அருங்காட்சியகத்தில், மிக உயரமானவர் என்பதால் "அயர்லாந்து அசுரன்" என்று அழைக்கப்பட்ட சார்லஸ் பைர்னின் எலும்புக்கூடு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் காட்சியில் இருந்தது. 1783இல் இறந்த அவர், தம் உடல் அறுவை மருத்துவர்கள் கையில் சிக்காமல் கடலில் இடப்பட வேண்டும் என்று விரும்பியவர். உடல், அந்தச் சேகரிப்பைத் திரட்டிய அறுவை மருத்துவர் ஜான் ஹன்டரிடமே போய்ச் சேர்ந்தது. புதுப்பிப்புக்காக மூடியிருந்த அருங்காட்சியகம் 2023இல் மீண்டும் திறக்கப்பட்டபோது அந்த எலும்புக்கூட்டைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். இது மிகத் தாமதமான நியாயம்.

தச்சன்:

பைர்ன் விஷயத்தில் மறுப்பில்லை. அவர் தம் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். யார் என்றே தெரியாதவர்களின் எச்சங்கள் மருத்துவ அருங்காட்சியகங்கள் எங்கும் இருக்கின்றன. அவை அனைத்தையும் மறைத்துவிட்டால், ஒரு நோய் எலும்பை எப்படித் தின்றது என்பதைக் கண்ணால் பார்த்து அறியும் வழி பொதுமக்களுக்கு அடைபட்டுவிடும். அதையும் எடைபோட வேண்டும்.

நீர்வழி:

யார் என்று தெரியாமல் போனதே, அவர்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதற்கான சான்று. இதில் நாம் உடன்பட மாட்டோம் என்று நினைக்கிறேன்.

புதுவரவு:

நல்ல விவாதம். நேரில் போகிறவர்களுக்கு நடைமுறையில் தெரிந்திருக்க வேண்டியவை என்ன? குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா?

இருப்பறை:

முதலில், திறந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வென்ட் ஹேவனுக்கு மே முதல் செப்டம்பர் வரை மட்டும், முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போக முடியும். சிறு இடங்களில் இது வழக்கமான ஏற்பாடு. அதனால் ஒரு நன்மையும் உண்டு. உங்களுக்கென்று ஒருவர் காத்திருப்பார், அவரே பெரும்பாலும் அந்தப் பொருளை நன்கு அறிந்தவராக இருப்பார். அவரிடம் "இதில் மிகப் பழையது எது" என்று கேட்டால் மனப்பாடமான பதில் வரும். எதை வாங்க மறுத்தீர்கள், எது போலி என்று கண்டுபிடித்தீர்கள், எதைக் காட்சிக்கு வைக்க இடமில்லை என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு வேறு திசையில் போகும்.

அறை இருட்டாக இருக்கிறது என்று குறைபட வேண்டாம். துணி, காகிதம், சாயம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் வெளிச்சமே வழக்கமான மேல்வரம்பு. வெளிச்சத்தால் ஏற்படும் சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்பச் சரியாகாது. லண்டனின் கிரீனிச்சில் உள்ள விசிறி அருங்காட்சியகம் போன்ற இடங்களில் காட்சிப்பொருட்களைச் சுழற்சி முறையில் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்; குறிப்பிட்ட ஒன்றைப் பார்க்கப் போகிறவர்கள் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. பழைய பாடம் செய்யப்பட்ட விலங்குகளைத் தொடவே கூடாது. பூச்சி அரிக்காமலிருக்க அவற்றில் ஆர்சனிக் பூசும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் இருந்தது.

குழந்தைகளுக்கு, ஒரு பொருள் எப்படி உருவாகிறது என்று காட்டும் இடங்கள் பொருந்தும். இங்கிலாந்தின் கெஸ்விக்கில் இருக்கும் பென்சில் அருங்காட்சியகம் தயாரிப்பு நிறுவனமே நடத்துவது என்பதால் சிலர் அதை விளம்பரம் என்று ஒதுக்குவார்கள். அருகிலுள்ள பாரோடேல் பள்ளத்தாக்கில் பதினாறாம் நூற்றாண்டில் கண்டெடுக்கப்பட்ட கிராஃபைட்டால்தான் அந்த ஊருக்குப் பென்சில் தொழில் வந்தது என்பதால், இடத்துக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு உண்மையானது. 7.91 மீட்டர் நீள வண்ணப் பென்சிலை எல்லாக் குழந்தைகளும் அண்ணாந்து பார்ப்பார்கள். அவர்களை அதைவிட அதிக நேரம் நிறுத்திவைப்பவை, இரண்டாம் உலகப் போரில் விமானப்படையினருக்காக இரகசியமாகச் செய்யப்பட்ட பென்சில்கள். உள்ளே சுருட்டிய வரைபடமும், அழிப்பான் பொருத்தும் முனையில் சிறு திசைகாட்டியும் மறைந்திருக்கும். பெரியவர்களுக்கும் அதைத்தான் பரிந்துரைப்பேன்.